சமுத்திரம் குடித்த பார்லித் தண்ணி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சமுத்திரத்தை உண்ணாவிரதப் பந்தலில் விட்டுவிட்டு வந்தோம். மூன்று நாள் பட்டினி கிடந்த மனிதர், மனைவி சண்முகத்தாய் கையால் பார்லித் தண்ணி வாங்கிக் குடித்து விரதத்தை முடித்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தவர்கள் அந்தப் பார்லியைக் குடித்துப் பார்க்காதவர்கள்.

முதல் தம்ளரில் அவருக்கு மூச்சு வந்தது. இரண்டாவது தம்ளரில் பேச்சு வந்தது. மயங்கி விழுவார் என்று ஆம்புலன்ஸ் நிறுத்தியிருந்தார்கள். சமுத்திரம் மைக்கைப் பிடித்துப் பேசிய பேச்சில், அய்யனார் கோவில் மலையில் மேய்ந்த மாடுகள் இறங்கி வந்து பந்தல் ஓரமாக நின்று கேட்டன. பொய்யென்றால் மாடுகளை விசாரித்துக் கொள்ளலாம். பேசி முடித்ததும் ஆம்புலன்ஸ் டிரைவரைக் கட்டிப்பிடித்து "மாப்பிள்ளே" என்று அழுதார். டிரைவர் மனம் நெகிழ்ந்து, தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"உண்மையான போராளிக்குப் பட்டினியே பலம்" என்று மறுநாள் ராஜபாளையம் முழுக்கப் பேச்சு.

விரதம் எதற்கு என்பதையும் ஞாபகப்படுத்தி விடுகிறேன். தெருமுனையில் பாண்டிதுரையின் கட்டடம். அதை மதுக்கடைக்கு வாடகைக்கு விடப் பார்க்கிறான். எதிரிலேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ் ஏறும் இடம். ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே முனையில் ஒரு கடை இருந்தது. அதன் வாசல் சாக்கடை ஓரமாகத்தான் ஒரு தீபாவளி மறுநாள் சண்முகத்தாயின் தம்பி மாரீஸ்வரனைக் கண்டெடுத்தார்கள். குப்புறக் கிடந்தான். செருப்பு மட்டும் ஜோடியாக, ஒழுங்காக, கழற்றி வைத்திருந்தது.

ஆக, பட்டினி சமுத்திரத்துடையது. கோபம் சண்முகத்தாயுடையது.

இனி பார்லி. இவர்களுடைய ஒரே மகன் சூர்யபிரகாஷ் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு 'பார்லி கம்பெனியில்' வேலை பார்க்கிறான். மகன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தெருவில் யாருக்குக் கல்லடைப்பு என்றாலும் சண்முகத்தாய்தான் டாக்டர். "எம்மவன் கம்பெனியே அதான்" என்று பார்லி வேகவைத்துக் கொடுப்பாள். அவள் வைத்தியத்தில் விழுந்த கல்லையெல்லாம் சேர்த்திருந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு காம்பவுண்டு சுவர் எழுப்பியிருக்கலாம். பங்குனித் திருவிழாவுக்கு வந்தவன், கம்பி வைத்து இறுக்கிய மூடி போட்ட இரண்டு பெரிய பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தான். "என்னலே இது?" என்றாள். "கம்பெனி சாம்பிள்மா" என்றான். லேபிளில் ஒரு நாய் படம், மற்றதெல்லாம் இங்கிலீஷ்; அவளுக்குப் படிக்க வராது. அவசரமாக ஊருக்குப் போனவன் அதை அப்படியே மறந்து போனான்.

அதில் ஒன்றைத்தான் பந்தலுக்குக் கொண்டு போனாள். வெயிலில் சூடாகக் கூடாதென்று, தங்கள் தறியில் ஓட்டிய பேண்டேஜ் துணியை நனைத்து, பாட்டிலின் அடியிலிருந்து கழுத்துவரை சுற்றியிருந்தாள். விபத்தில் அடிபட்டவனைக் கூட்டிப்போவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

இனி இந்த வாரம்.

*

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கினான் சூர்யபிரகாஷ். வருகிறேன் என்று ஒரு போன் கிடையாது. முகத்தில் ரத்தம் கிடையாது.

சண்முகத்தாய் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை. கலால் பிரிவு அதிகாரி அம்மா அங்கே முகாம். கடை வரலாமா கூடாதா என்று இரண்டு தரப்பையும் வைத்துக் கேட்கப் போகிறார்.

"எம்மா, ஃபிரிட்ஜ்ல ரெண்டு பாட்டில் வச்சேன்லா?"

"ஒண்ணு உங்கப்பாவுக்கு. இன்னொண்ணு மாரியாத்தா மதினிக்குக் குடுத்தேன். கல்லு வந்து துடியாத் துடிச்சுக் கிடந்தா, பாவம். அவ மகனுக்கும் நமக்கும் ஆயிரம் இருக்கட்டும், அவ என்ன செஞ்சா?"

சூர்யபிரகாஷ் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அது பார்லிதாம்மா. ஆனா..."

"ஆனா என்னலே ஆனா?"

"பீரும்மா."

சண்முகத்தாய்க்கு முதலில் அந்தச் சொல் காதில் ஏறவில்லை. ஏறியபிறகு இறங்கவில்லை.

"பார்லிய முளைகட்டி, வறுத்து, வேகவச்சு, வடிகட்டி, ஆறவச்சு, பாட்டில்ல அடைக்கோம்னு எங்கிட்ட நீதானலே சொன்ன?"

"அம்புட்டும் நிசம்மா. ஆறவைக்கதுக்கும் அடைக்கதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. அத மட்டும் விட்டுட்டேன்."

"என்னத்த விட்ட?"

"புளிக்க வைக்கத."

அவள் பக்கத்தில் இட்லி மாவுச் சட்டி இருந்தது. இரவெல்லாம் பொங்கி, மூடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. இருபத்தேழு வருஷமாக வாசலில் நின்று மோந்தே மாவு எவ்வளவு புளித்திருக்கிறது என்று சொல்லக்கூடியவள் சண்முகத்தாய். அவளிடம் போய், நுரைத்துக்கொண்டு ஒரு தண்ணி வந்தால் அது பார்லி என்று நம்பவைத்திருக்கிறான் பெற்ற பிள்ளை. கசக்கிறதே என்று அன்றைக்கு அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கல் உப்பும் போட்டாள் என்பதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பொய் சொல்லலியாம்! பொய் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருவேன்லே. ஒழுங்கா உண்மையச் சொல்லி என்னை முட்டாளாக்கி வச்சிருக்க பாத்தியா, அதுக்கு ஒரு படிப்பு வேற!"

"செத்த நேரம் கேளும்மா. இது அந்தக் கடைச் சரக்கு மாதிரி இல்ல. பெங்களூர்ல தெருவுக்குத் தெரு இப்ப சின்னச் சின்ன ஆலை. சாப்பிடுற எடத்துலயே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேங்க் நிக்கும். குடும்பத்தோட வருவாங்க. ஒரு கிளாஸ அரை மணி நேரம் வச்சுக் குடிப்பாங்க. மாம்பழம் போட்டு, கருப்பட்டி போட்டு, விதவிதமாச் செய்றோம். எனக்குன்னு ஒரு வகை விட்டுருக்காங்கம்மா. லேபிள்ல நம்ம ஊரு வெள்ளை நாய் படம். பேரே 'ராஜபாளையம்'தான்."

"ஊர் பேரையும் கெடுத்தாச்சா?"

"நம்ம ஊர்ல என்னிக்காவது அனுமதி குடுத்தா, பிளவக்கல் அணைத் தண்ணிய வச்சு நானே சின்னதா ஒண்ணு போடலாம்னு..."

"போடு! உம் மாமன் விழுந்து கெடந்த எடத்துலயே போடு! எடம் ராசியான எடம்."

"மாமா குடிச்சது விஷம்மா. நாஞ் செய்யது கைவேல."

சண்முகத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் மொத நாளே விஷத்தக் குடிச்சான்னா நெனைச்ச? மகாராஜபுரத்துல கதிரறுப்பு அன்னிக்கு, சிரிச்சுக்கிட்டு, நல்லதத்தான் குடிச்சான். நானும் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். மொத நாள் எல்லாமே கைவேலதான்லே."

மகன் போனை எடுத்து நீட்டினான். பாண்டிதுரை நேற்று ஊர் முழுக்க அனுப்பியிருந்த படம். விரதம் முடிந்த மறுநாள் பேப்பரில் வந்த போட்டோதான். சண்முகத்தாய் ஊற்றுகிறாள், சமுத்திரம் குடிக்கிறார். கீழே, 'மதுவை எதிர்த்து உண்ணாவிரதம், மதுவால் நிறைவு. நாளை விசாரணையில் உண்மை வெளிவரும்.' இதைப் பார்த்துத்தான் பஸ் ஏறியிருக்கிறான்.

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த சமுத்திரம் வாசல்படியிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் செங்கல்லானது.

"இந்த உதட்டுல ஒரு சொட்டு பட்டதில்லட்டீ! மில்லுல போனஸ் அன்னிக்கு அம்புட்டுப் பேரும் குடிப்பான், நான் ஒருத்தன்தான் கலர் குடிச்சுட்டு வருவேன். முப்பது வருஷ மானத்த ரெண்டு தம்ளர்ல முடிச்சுட்டியே!"

"மூணு தம்ளர்" என்றாள் சண்முகத்தாய். "மூணாவது நீங்களாக் கேட்டு வாங்கினது. அன்னையிலருந்து தெனமும் 'அந்தப் பார்லி இன்னொரு பாட்டில் வரச் சொல்லேன், உடம்புக்குச் சொகமா இருக்கு'ன்னு அரிச்செடுத்தது யாரு? ஊத்தினவளுக்குத் தெரியல, சரி. குடிச்சவுகளுக்கு நாக்கு எங்க போச்சு?"

சமுத்திரம் துண்டை இறுக்கிக் கட்டினார்.

"அது கெடக்கட்டும். பாண்டிதுரைக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

"போட்டோவப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பான்" என்றான் மகன்.

அப்போதைக்கு மூன்று பேருக்கும் அது சரி என்று பட்டது.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் சண்முகத்தாய் தனியாகப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் அப்பனும் மகனும் குசுகுசு. குசுகுசு என்பது சமுத்திரத்தின் கணக்கில். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பார்லின்னே சொல்லுவோம். அவன் நிரூபிக்கட்டும்."

"வேண்டாம்ப்பா. நான் கொண்டாந்தேன்னு நானே சொல்லிருதேன்."

"வெளி மாநிலச் சரக்கக் கொண்டாந்தா கேசுலே! உள்ள வச்சுருவான். பொறவு உனக்கு எந்தக் கம்பெனி வேல குடுப்பான்? ஏட்டி, சண்முகம், உன்னத்தான் கேப்பாக. ஊத்தினவ நீதான். பார்லின்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான்."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தையாம். பார்லி என்றால் மகன் தப்பித்தான், கடையையும் தடுக்கலாம். பீர் என்றால் மகன் போனான், உண்ணாவிரதம் சிரிப்பாய்ச் சிரிக்கும், முனையில் கடை வந்து உட்காரும். ஆனால் மூன்று வருஷமாகத் தெருவெல்லாம் அவள் சொல்லித் திரிந்ததும் அதே வார்த்தைதான். சொன்னவனுக்கு அது பொய் என்று தெரியும், அவளுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்தே சொல்ல வேண்டும். தம்பியைத் தூக்கிய இடத்துக்காகப் பேசப் போகும்போது வாயில் அதை வைத்துக்கொண்டா போவது?

கோபம் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. மகன்மேல் பாதி, புருஷன்மேல் பாதி, பாண்டிதுரைமேல் பாதி. கூட்டினால் ஒன்றரை வருகிறது. அவ்வளவு இருந்தது.

ஆபீஸ் வாசலில் பாண்டிதுரை வெள்ளையும் சொள்ளையுமாக நின்றான். கையில் பால்கோவா.

"வாங்கக்கா! எடுத்துக்கங்க, இப்பத்தான் சூடா எறக்கினது. வாய் இனிக்கட்டும். அண்ணாச்சிக்குத்தான் என்ன குடுக்கதுன்னு தெரியல. அவிய ருசியே வேறயாமே?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"உங்க அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றாள் சண்முகத்தாய்.

அவன் சிரிப்பு ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. "அதுக்கென்ன, நல்லாயிருக்கு."

*

அதிகாரி அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தாதவர். சமுத்திரத்தின் மனுவைப் படித்தார். பிறகு பாண்டிதுரை பக்கம் திரும்பினார்.

பாண்டிதுரை பேப்பர் போட்டோவைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். அதில் சமுத்திரத்தின் மீசை மட்டுமே ஒரு துடைப்பம் அளவு இருந்தது.

"மேடம், இவரு மதுவை எதிர்த்தாருன்னு மனு. இவரு குடிக்கது என்னன்னு பாருங்க. பீரு! அதுவும் பெங்களூர் பீரு, ஆறு சதவீதம். பாட்டில்மேல வெள்ளை நாய் படம். 'ராஜபாளையம்'னு பேரு. இவரு மகனே காய்ச்சினது. கடை வரக்கூடாதுன்னு சொல்றவரு வீட்டுலயே ஆலை!"

அறையில் சலசலப்பு. அதிகாரி நிமிர்ந்தார்.

"பாட்டில்ல இருந்தது என்ன?"

"பார்லி!" என்றார் சமுத்திரம்.

"பீர்" என்றான் சூர்யபிரகாஷ்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்து போய்விட்டது.

"ஊத்தினது நீங்கதானேம்மா? நீங்க சொல்லுங்க."

சண்முகத்தாய் எழுந்தாள். அட்டையில் இருந்த தன்னையே பார்த்தாள். ஊற்றும்போது என்ன ஒரு பெருமை அந்த முகத்தில்! கையில் பாட்டில். பாட்டிலுக்கு அடியிலிருந்து கழுத்துவரை வெள்ளைக் கட்டு.

அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"பீருதாம்மா" என்றாள்.

சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்மவன் காய்ச்சினது. இன்னைக்குக் காலையிலதான் எனக்குத் தெரியும். பார்லின்னான், நம்பினேன். என் அடுப்படியில, என் ஃபிரிட்ஜ்ல, மாவுச் சட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருந்திருக்கு. குடியால தம்பியத் தூக்கிக் குடுத்தவ நான். என் கையாலயே என் புருஷனுக்கு ஊத்திட்டேன். எனக்கே இந்தக் கதின்னா, அந்த முனையில பஸ்ஸுக்கு நிக்க பதினாலு வயசுப் பிள்ளைக்கு யாரும்மா பதில் சொல்லுவா? அதுக்கு வேற பேருகூடச் சொல்ல வேண்டாம். வெளக்குப் போட்டு, போர்டு வச்சுல்லா விப்பாக!"

யாரும் சிரிக்கவில்லை. பாண்டிதுரைகூட.

"எங்க மேல தப்பு இருக்கு. அத வச்சு என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா கடைக்கு அது சர்ட்டிபிகேட் இல்ல." பாண்டிதுரையைப் பார்த்துத் திரும்பினாள். "இப்ப நான் ஒண்ணு கேக்கேன். இந்தப் படத்துல நாய் எங்கப்பா இருக்கு?"

"எது?"

"வெள்ளை நாய் படம்னியே. பாட்டிலு பூராவும் நான் பேண்டேஜ் துணியச் சுத்தியிருக்கேன். கழுத்துதான் தெரியுது. பேரு எங்க இருக்கு? ஆறு சதவீதம் எங்க எழுதியிருக்கு? காட்டு."

பாண்டிதுரை அட்டையைப் பார்த்தான். இவ்வளவு பெரிதாக அதை அடித்துக் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது போலிருக்கிறது.

"கேள்விப்பட்டேன்..." என்றான்.

"கேள்விப்படல. படிச்சிருக்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "எத்தனை பாட்டில்மா வந்துச்சு?"

"ரெண்டு."

"இன்னொண்ணு எங்க? சாம்பிள் எடுக்கணும்."

சண்முகத்தாய் பாண்டிதுரையைக் கைகாட்டினாள்.

"இவிய வீட்டு ஃபிரிட்ஜ்ல. மாரியாத்தா மதினிக்குக் கல்லுக்காக நான்தான் குடுத்துவிட்டேன். இவியளப் பெத்தவ."

சமுத்திரம் கண்ணைத் திறந்தார். பாண்டிதுரையின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பால்கோவா வைத்திருந்த கை, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"மேடம், எங்கம்மா வயசானவங்க... மருந்துன்னுதான்..."

"வெளி மாநிலச் சரக்குன்னு லேபிளப் படிச்சுட்டு, தகவல் குடுக்காம வீட்டுலயே வச்சிருந்தீங்களா? மிச்சம் எவ்வளவு இருக்கு?"

பாண்டிதுரை இந்தக் கேள்விக்கு மட்டும் உண்மை சொன்னான். "பாதிக்கு மேல நான்... ருசி பாத்தேன் மேடம்."

கடை விஷயத்தில் இன்றைக்கு உத்தரவு இல்லை என்றார் அதிகாரி. முதலில் பாட்டில் வரட்டும், பரிசோதனைக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். ஜீப்பை எடுக்கச் சொன்னார். சூர்யபிரகாஷும் வர வேண்டும், வாக்குமூலம் எழுத வேண்டும். கேசு உண்டா இல்லையா என்பதை அவர் முகத்தில் யாராலும் படிக்க முடியவில்லை.

ஜீப்பின் பின்சீட்டில் பாண்டிதுரையும் சூர்யபிரகாஷும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். குடித்தவனும் காய்ச்சினவனும். வண்டி கிளம்புமுன் பாண்டிதுரை மெல்லக் குனிந்து, "தம்பி, அதுல ஒரு ஆரஞ்சு வாசம் வருதே, என்னது?" என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

"ஏட்டி, பெத்த பிள்ளைய ஏத்தி விட்டுட்டு நிக்கியே" என்றார் சமுத்திரம்.

சண்முகத்தாய் ஜீப்பின் ஓரமாகப் போய் நின்றாள். மகன் அவளைப் பார்க்கவில்லை. சட்டைக் காலர் மடங்கியிருந்தது. கையை நீட்டி அதைச் சரி செய்தாள். அவன் பார்த்தான்.

"ஏலே, அவிய கேக்கறப்ப முழுசாச் சொல்லு" என்றாள். "நடுவுல ஒண்ணையும் விட்றாத."